இந்த முறை வருவானோ

ஒரே படத்தை எத்தனை தரம் பார்த்தாலும் முதல் தரம் பார்க்கிற ஆளைப்போலப் பயப்படுகிற ஒரு மனிதரை எனக்குத் தெரியும். முதல் தரத்தைவிட மூன்றாம் தரம் கூடுதலாகப் பயந்தார் என்றுகூடச் சொல்லலாம். அவர் என் சித்தப்பா, அப்பாவுக்கு இளையவர். ஆழக்கடலில் தனியாக நின்று வலை இழுத்த ஆள். ஆறடி உயரம், கதவை நிறைக்கிற உடம்பு. அந்த ஆள் உடுத்தியிருந்த சாரத்தின் நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் நடுங்கிக்கொண்டிருப்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வராமல் போய்விட்டது.

பேசாலையில் எங்கள் வீடும் அவர்கள் வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன. தொலைக்காட்சி அவர்கள் வீட்டில். மாரியில் காற்றுக் கிளம்பி, ஒருவரும் கடலுக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தால் படகுகளைக் கரையில் உயர ஏற்றிவிட்டு, இயந்திரத்தைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து விறாந்தையில் சாய்த்து வைப்பார்கள். ஆம்பிளைகள் வீட்டில் நிற்கிற நாட்கள் அவைதான். அன்றைக்கே படமும் தொடங்கும். மன்னாரில் ஒரு கடையில் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு வந்த படங்கள். முதுகில் இரும்புச் சிறகு முளைத்த ஓர் இளைஞன் ஊரைக் காப்பாற்றுகிற கதை, ஐந்து பாகம். முதலாம் பாகத்திலிருந்து தொடங்கினால் கடல் அடங்கும்போது ஐந்தாம் பாகம் முடிந்திருக்கும். அடுத்த காற்றுக்கு மறுபடி முதலாம் பாகம். புதுப் படம் வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்டதாக நினைவில்லை.

இந்தியாவில் தமிழாக்கிய படங்கள். வெள்ளைக்காரன் மதுரைத் தமிழ் கதைப்பான். சித்தப்பாவுக்கு அதெல்லாம் கண்ணில் படாது. அவர் அந்தக் கதாநாயகனைப் பொடியன் என்றுதான் சொல்வார்.

இரண்டாம் பாகத்தில் ஒரு பாலம் உடையும். பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஒரு பஸ் பாலத்தின் விளிம்பில் தொங்கும். முன் சில்லுகள் இரண்டும் வெளியில். பொடியன் அப்போது வேறெங்கேயோ அடிபட்டுக் கிடப்பான். சித்தப்பா எழும்பி நின்றுவிடுவார்.

"இருங்கோ சித்தப்பா, மறைக்குது. இப்ப வந்திடுவான்."

"எப்பிடித் தெரியும்?"

"போன முறையும் வந்தவன்தானே!"

"போன முறை வந்தவன். இந்த முறை வருவான் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"ஐயோ, இது படம் சித்தப்பா. எடுத்து முடிஞ்ச படம்."

"ஓம், படம்தான்," என்பார். ஆனால் இருக்கமாட்டார். பொடியன் வந்து பஸ்ஸைப் பிடித்து, கடைசிப் பிள்ளையும் இறங்கி ஓடிய பிறகுதான் கதிரையில் விழுவார். நெற்றி முழுக்க வியர்வை.

"இந்த மனுசனோட படம் பாக்கிறதும் ஒண்டு, பிள்ளைப்பேறு வாட்டுக்கு வெளியில நிக்கிறதும் ஒண்டு," என்பாள் சித்தி. சித்தி எதற்கும் அசையாத பெண். வாய் ஓயாது, கையும் ஓயாது. மீன் வெட்டிக்கொண்டே, திரையில் வருவதற்கு முன்னமே கதையைச் சொல்லிவிடுவாள். அவர்களுடைய ஒரே மகள் டிலானிக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். அவள் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்து எங்களுக்கு அறிவிப்பாள். "அடிக்குது, அடிக்குது! இப்ப இன்னும் கெதியா அடிக்குது!" நாங்கள் படத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்போம்.

படத்தோடு நின்றிருந்தால் இதை ஒரு வேடிக்கையாக எழுதி முடித்திருப்பேன். அவர் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருந்தார். உயிர்த்த ஞாயிறுப் பூசையில் பீடத்துக்குப் பக்கத்தில் கல்லறை கட்டியிருப்பார்கள். மணி அடிக்க, வெடி வெடிக்க, உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் கல்லறைக்குள்ளிருந்து கயிற்றில் மேலே எழும்பும். கோயில் முழுக்க அல்லேலூயா பாடும். சித்தப்பா பாடமாட்டார். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, சுரூபம் முழுதாக மேலே வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். ஒருமுறை நான் காதுக்குள் கேட்டேன், "என்ன சித்தப்பா, எழும்பமாட்டாரோ?"

"கயிறு பிள்ளை, கயிறு," என்றார். முகத்தைப் பார்த்தேன். கயிற்றுக்காக மட்டும் பயப்படுகிற முகமாகத் தெரியவில்லை. ஆண்டவர் இந்த வருடமும் எழும்ப வேண்டுமே என்று உண்மையாகவே அந்தரப்பட்ட ஒரே கிறிஸ்தவர் எங்கள் கோயில் பங்கில் அவராகத்தான் இருக்கும். பாதரிடம் இதைச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "உங்கட சித்தப்பாவுக்காகச் செபியுங்கோ," என்றார்.

படகில் தண்ணீர் வடிகிற துவாரத்தை அடைக்கும் கட்டையைத் தொழிலுக்குப் போகுமுன் அவரே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கூட்டாளி பார்த்துவிட்டேன் என்று சத்தியம் செய்தாலும் பார்ப்பார். "நேத்து இறுக்கினதுதானே அண்ணை" என்றால், "அது நேத்து" என்பார். நான் பள்ளிக்கூடத்துக்கு பஸ் ஏறுகிற இடத்தில் வந்து நிற்பார். நான் ஏறிய பிறகும் நிற்பார். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகும் அந்த இடத்திலேயே நின்றார் என்று பிறகு கடைக்காரர் சொன்னார். எனக்கு அந்த வயதில் வெட்கமாக இருந்தது. பின் கண்ணாடி வழியே திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. ஒருவர் உனக்காக இவ்வளவு பயப்படும்போது, அவருக்குத் தெரிந்தது ஏதோ உனக்குத் தெரியவில்லை என்று தோன்றத் தொடங்கும்.

சண்டைக் காலத்தில் அப்பாவும் சித்தப்பாவும் வெள்ளாங்குளம் பக்கம் இடம்பெயர்ந்து இருந்தார்கள். விமானச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் இறங்குவார்களாம், சத்தம் போனதும் ஏறிவந்து விட்ட வேலையைத் தொடருவார்களாம். அப்படியொரு நாள் எல்லோரும் ஏறினார்கள், அவர்களுடைய கடைசித் தம்பி ஏறவில்லை. இதுதான் காரணம் என்று அப்பா சொல்வார். சித்தி ஒத்துக்கொள்ளமாட்டாள். "அதுக்கு முதலும் உவர் உப்பிடித்தான். கலியாணத்தண்டு நான் கோயிலுக்கு வருவனோ எண்டு விடியத் தொடக்கம் றோட்டில நிண்ட மனுசன்." எது உண்மை என்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அவருடைய பயங்களில் மிகப் பெரியது டிலானியின் மூச்சு. அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு இருந்தது. பனிக்காற்றுக்கு வரும், தூசுக்கு வரும், அழுதால் வரும். மருந்துப் பம்ப்பை வாயில் வைத்து அடித்தால் இறங்கிவிடும். இறங்காவிட்டால் ஆஸ்பத்திரியில் முகத்துக்கு மூடி போட்டு மருந்துப் புகை கொடுப்பார்கள். பின்னேரம் பேக்கரியில் பணிஸும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். வளவுக்குள் எங்களுக்கெல்லாம் அது பழகிப்போயிருந்தது. சித்தி உலையை இறக்காமலே, "பம்ப் அலுமாரிக்கு மேல இருக்கு, ஆரும் அடிச்சு விடுங்கோ," என்று குரல் கொடுப்பாள். சித்தப்பாவுக்குப் பழகவே இல்லை. பிள்ளைக்கு முன்னால் முழந்தாளிட்டு, பொடியனைப் பார்க்கிற அதே கண்ணால் அவளுடைய நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு இறங்கிய பிறகு வெளியே போய்க் கிணற்றடியில் முகம் கழுவுவார்.

ஒரு வருடம் காற்று நாள் கணக்காக அடித்தது. வளவு முழுக்க வெள்ளம். மத்தியானச் சாப்பாடு முடிந்து நாலாம் பாகம் போட்டிருந்தோம். நுளம்பு கடித்துக் குதறியது. சித்தி வழக்கம்போல ஓட்டைச் சட்டியில் தேங்காய்ப் பொச்சுமட்டையும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டி அறை மூலையில் வைத்தாள். எப்போதும் வைக்கிறதுதான். அன்றைக்கு மழைச்சாரல் அடிக்கிறதென்று யன்னல்களைச் சாத்தியிருந்தோம். அது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

நாலாம் பாகத்தில் பொடியன் சிறகு முறிந்து கடலுக்குள் விழுவான். தண்ணீர் மூடிவிடும். நெடுநேரம் திரையில் அலை மட்டும்தான். சித்தப்பாவுக்கு எல்லாப் பாகத்திலும் பயங்கரமான இடம் அது. கடலில் விழுந்தவன் எழும்புவதைப் பற்றி அவருக்கு எங்களைவிடக் கூடுதலாகத் தெரியும். நாங்கள் வழக்கம்போல அவருடைய முகத்தைப் பார்க்கத் திரும்பினோம். அவர் திரையைப் பார்க்கவில்லை.

"சத்தத்தைக் குறையுங்கோ," என்றார்.

"இப்பதானே நல்ல கட்டம்," என்றாள் சித்தி.

அவரே எழும்பிப் போய் நிறுத்தினார். மழைச் சத்தத்துக்கு நடுவில் டிலானியின் நெஞ்சு விசில் அடிப்பது அப்போதுதான் எங்களுக்குக் கேட்டது. அவள் சுவரில் சாய்ந்து, தோள் இரண்டையும் காதுவரை தூக்கிக்கொண்டு இருந்தாள். நாடி பார்க்க அவள் அன்றைக்கு அப்பாவின் கையைப் பிடிக்கவே இல்லை என்பது பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. சித்தி புகைச்சட்டியைத் தூக்கி வெளியே வீசினாள். பம்ப்பை எடுத்து அடித்தாள். திரும்பவும் அடித்தாள். விசில் சத்தம் இன்னும் உயர்ந்து, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது.

"அப்பாடா," என்றாள் சித்தி. "பாத்தீங்களோ, சத்தம் நிண்டிட்டு. சரியாப் போச்சு. படத்தைப் போடுங்கோ."

எனக்கும் அப்படித்தான் பட்டது. சத்தம் நின்றால் சுகம் என்றுதானே நினைப்போம்! சித்தப்பா மட்டும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு கெதியா ஒருநாளும் நிக்கேல்லை," என்றார். அவருக்கு அதில் வேறு எந்த அறிவும் இருக்கவில்லை. முன்பு நடந்ததுபோல இது இல்லை, அவ்வளவுதான். டிலானியின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவர் அவளைத் துவாயால் சுற்றித் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினார். சித்தி செருப்பைத் தேடினாள், சட்டையைத் தேடினாள். அவர் நிற்கவில்லை. நான் பின்னால் ஓடினேன். பக்கத்து வளவு ஓட்டோக்காரரின் ஓட்டோ படலையடியில் நின்றது.

தலைமன்னார் றோட்டில் மன்னாரை நோக்கி ஓடினோம். காற்று ஓட்டோவைப் பக்கவாட்டில் தள்ளியது. திரைச்சீலை கிழிந்து படபடத்தது. தாராபுரம் வருவதற்குச் சற்று முன்னால் றோட்டு வெள்ளத்துக்குள் போயிருந்தது. எங்கே றோட்டு முடிகிறது, எங்கே பள்ளம் தொடங்குகிறது என்று தெரியவில்லை.

"பயப்பிடாதேங்கோ அண்ணை," என்றார் ஓட்டோக்காரர். "எல்லா மழைக்கும் நான் இதால போறனான்."

"நில்லடா தம்பி," என்றார் சித்தப்பா. பிள்ளையை என் மடியில் தந்துவிட்டு இறங்கினார். முழங்கால்வரை தண்ணீர். காலால் றோட்டின் விளிம்பைத் தடவித் தடவி முன்னால் நடந்தார், அவருடைய முதுகைப் பார்த்து ஓட்டோ ஊர்ந்தது. என் மடியில் டிலானி. அவளுடைய நெஞ்சு ஏறுகிறது, ஆனால் காற்று உள்ளே போகிறதாகத் தெரியவில்லை. நான் மாதாவே மாதாவே என்று சத்தமாகவே அழுதேன். அவளுடைய கண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. என் அழுகையைப் பார்க்கப் பார்க்க அந்தக் கண் இன்னும் பெரிதாக விரிந்தது.

வெள்ளம் கடந்ததும் சித்தப்பா ஏறி அவளை வாங்கிக்கொண்டார். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஒரு மூச்சுக்கு ஒரு சொல்தான் வந்தது.

"அப்பா... மூச்சு... வருமோ?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். இந்த மனிதர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். போன முறை வந்தது, இந்த முறை ஆர் கண்டது. வாழ்நாள் முழுக்கச் சொன்ன பதில் அதுதானே!

"வரும்," என்றார் சித்தப்பா. "எப்பவும் வாறதுதானே மகள். இண்டைக்கும் வரும்."

குரலில் ஒரு துளி நடுக்கம் இல்லை. கரையில் நின்று அடுத்த படகுக்காரரிடம் காற்று விபரம் சொல்கிற சாதாரணக் குரல். டிலானி கண்ணை அவர் முகத்தில் வைத்துக்கொண்டு மெல்லத் தலையாட்டினாள். ஆண்டவர் எழும்புவார் என்றுகூட நிச்சயமாகச் சொல்லாத மனிதர் நிச்சயம் என்கிறார் என்றால் பிள்ளை போகப் போகிறது என்றுதான் அர்த்தம் என்று நினைத்தேன். அதுபோல ஒரு பயம் அதற்கு முன்பு எனக்கு வந்ததில்லை.

ஆஸ்பத்திரியில் அவளை வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். திரையை இழுத்தார்கள். சித்தியும் அப்பாவும் மோட்டார் சைக்கிளில் நனைந்து தோய்ந்து வந்து சேர்ந்தார்கள். சித்தி வாய் திறக்கவில்லை, செபமாலை மட்டும் உருண்டது. பொழுது மங்குகிற நேரம் ஒரு டொக்டர் வந்து, மூச்சு திரும்பியிருக்கிறது, இரண்டு மூன்று நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். சித்தி அந்த இடத்திலேயே நிலத்தில் குந்தி அழுதாள். சித்தப்பா "நன்றி ஐயா" என்றார். பிறகு வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தார்.

அடுத்த நாள் மத்தியானம் மழை விட்டிருந்தது. ஆஸ்பத்திரி மதிலோரம் கழுதைகள் ஈரம் உலர நின்றன. நானும் அவரும் வாங்குப் பலகையில் இருந்தோம். பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தேன். கோப்பை அவருடைய கையில் நிற்கவில்லை, தேத்தண்ணி சாரத்தில் சிந்தியது. டிலானி உள்ளே இருந்து கஞ்சி குடிக்கிறாள், ஆபத்து இல்லை என்றாகிவிட்டது.

"சித்தப்பா, வரும் எண்டு நேத்து என்னெண்டு அவ்வளவு நிச்சயமாச் சொன்னீங்கள்?"

"எனக்கென்ன தெரியும் பிள்ளை?" என்றார். கோப்பையைக் கீழே வைத்தார். "பயப்பிடுறதுக்கும் மூச்சு வேணும். அவளிட்ட மூச்சு இருக்கேல்லை. அவளும் பயந்தா இருக்கிறதும் போயிடும். அவளின்ரை பயத்தையும் நான்தான் எடுக்கவேண்டிக் கிடந்தது." சாரத்தில் சிந்தியதைத் தட்டிவிட்டார். "அந்தப் பயம் இன்னும் இறங்கேல்லை."

அதற்குப் பிறகும் எங்கள் வளவில் காற்று நாட்களில் படம் ஓடியது. சித்தப்பா பஸ் தொங்கும்போது எழும்பி நின்றார். மறைக்குது என்று நான் சொல்லவில்லை. சில வருடங்கள் கழித்து, ஒரு பங்குனி மாதம், கரையில் வலை காயவிட்டுக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்து போனார். ஒரு நோய் வருத்தமும் சொல்லி அறியாத மனிதர். தனக்கு ஏதும் வரும் என்று மட்டும் அவர் பயந்ததே இல்லை என்று அப்பா சொல்லிச் சொல்லி அழுதார்.

இப்போது நான் கணவர், பிள்ளைகளோடு மன்னாரில் இருக்கிறேன். டிலானிக்கு வெள்ளாங்குளத்தில் கலியாணமாகி ஒரு ஆண்பிள்ளை. என் பிள்ளைகளுக்கும் சிறகுப் பொடியனில் பைத்தியம். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் முதலாம் பாகத்திலிருந்து தொடங்குவார்கள், வசனங்களைப் பொடியனுக்கு முந்திச் சொல்லுவார்கள். நானும் கூட இருந்து பார்க்கிறேன். என் கணவர் என் கையைப் பிடித்துப் பார்த்து, "என்னப்பா, ஐஸ் மாதிரிக் கிடக்கு? எத்தினையாந்தரம் பாக்கிறீர்?" என்று பகிடி பண்ணுவார்.

போன கிழமை மழைக்குள் ஒரு பின்னேரம் அப்படி இருந்தபோது டிலானியின் அழைப்பு வந்தது.

"அக்கா, பிள்ளைக்கு இழுக்குது. பம்ப் அடிச்சனான், இறங்கேல்லை. இவர் வேலைக்குப் போயிட்டார். மாமி சொல்லுறா, வழமையா வாறதுதானே, கொஞ்சம் பொறுத்துப் பாப்பம் எண்டு."

"பொறுக்க வேண்டாம். வாகனம் ஒண்டு பிடி."

"பக்கத்து வீட்டு ஓட்டோ வாசலில நிக்குது. ஆனா எனக்குக் கை நடுங்குதக்கா. பிள்ளையைத் தூக்கவே பயமாக்கிடக்கு. அவன் என்ரை முகத்தையே பாக்கிறான். அப்பா இருந்தாரெண்டா..."

வெள்ளாங்குளம் றோட்டு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஓட்டோ போகுமோ தெரியாது. ஆனால் குரல் எங்கிருந்தோ நேராக வந்தது.

"டிலானி, பயத்தை நான் பாத்துக்கொள்ளுறன். நீ பிள்ளையைத் தூக்கு. தூக்கிக்கொண்டு வெளிக்கிடு."

அந்தப் பக்கம் பிள்ளையைத் தூக்குகிற சரசரப்புக் கேட்டது. பிறகு, "சரியக்கா," என்றாள். ஓட்டோ கிளம்புகிற சத்தம் கேட்டது, தொடர்பு அறுந்தது. என் சின்னவன் திரையைக் காட்டி, "அம்மா, இஞ்ச பாருங்கோ, இப்ப வருவான்," என்றான். நான் தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு பயப்படத் தொடங்கினேன்.